முட்டுக்கட்டை போடறதுக்கும் ஒரு கை வேணும்

லண்டன்ல குட்மேய்ஸ்ங்கற இந்த ஊருக்கு, மகன் வீட்டோட வந்து சேர்ந்து எனக்கு மூணு குளிர்காலம் ஆச்சு. இங்கே வீடெல்லாம் ஒரே அச்சுல அறுத்த செங்கல் மாதிரி வரிசையா நிக்கும். வந்த புதுசுல பார்க்குக்கு நடந்துபோயிட்டுத் திரும்பி, வேற வீட்டுக் கதவுல சாவியைப் போட்டுத் திருகிக்கிட்டே நின்னேன். உள்ளேருந்து ஒரு பஞ்சாபி அம்மா எட்டிப் பார்த்து, கோவிச்சுக்காம டீ கொடுத்து அனுப்புச்சு. இந்த வட்டாரத்துல நிறைய வீடு எழுப்பினவர் கேமரன் கார்பெட்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், நூத்திச் சொச்சம் வருஷத்துக்கு முந்தி. மனுஷன் மதுவிலக்கு ஆளு. தான் கட்டின தெருவுல குடிக்கிற கடைக்கு இடம் விடறதில்லை. புதுவீட்டுக்குக் குடிவந்தவன் அவர்கிட்ட முதல்ல சொன்ன கருத்து, 'வீடு பிரமாதம், கடை எங்கே?'ன்னுதான் இருந்திருக்கும்னு என் ஊகம். செஞ்சவன் ஒண்ணை நினைச்சுச் செய்வான், பார்க்க வந்தவன் வேறொண்ணைத் தேடுவான். நான் இன்னிக்குச் சொல்ல வந்த சங்கதியும் அதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் ஆனா எங்க வீட்டு முன்னறை சந்தைக்கடை. என் பேரன், எதிர்வீட்டு நெட்டையன், ஒரு யாழ்ப்பாணத்துப் பொடியன், கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு வர்ற ஏழு வயசு வாண்டு. வாண்டைத் தவிர ஆளுக்கொரு லேப்டாப். நான் மூலையில ஹீட்டருக்குப் பக்கத்துல, ஈஸ்ட்ஹாம் கடையில வாங்கின வெத்தலையை மடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். என்னை யாரும் கண்டுக்கிறதில்லை. யாரும் கண்டுக்காத இடத்துல உட்கார்ந்தாத்தான் ஊரை முழுசாப் பார்க்க முடியும்.

பசங்க விளையாடறது ஆல்கோடூன்னு ஒண்ணு. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பொட்டல்வெளி. அதுல வட்டம் போட்டா சக்கரம், பட்டையா இழுத்தா பலகை, ரெண்டையும் சேர்த்து ஆணி அடிச்சா வண்டி. ஸ்பிரிங், சங்கிலி, மோட்டார், தண்ணி எல்லாம் உண்டு. வரைஞ்சு முடிச்சு ஓட்டுற பொத்தானை அமுக்கினா, பூமி இழுக்க ஆரம்பிக்கும். உருளறது உருளும், கவுறது கவுந்துடும். இதுக்கு மூலம் யாருன்னு கேட்டேன். ஸ்வீடன்ல உமெயோ பல்கலைக்கழகத்துல படிச்ச எமில் எர்னர்ஃபெல்ட்ங்கற பையனாம். மேல்படிப்பு ஆய்வேட்டுக்காகச் செஞ்சு 2008-ல 'ஃபன்'னு பேர் வெச்சு வெளியே விட்டிருக்கான். அடுத்த வருஷமே ஆல்கோரிக்ஸ்ங்கற கம்பெனி அதைச் சீர்பண்ணி ஆல்கோடூன்னு ஆக்கிடுச்சு. நம்ம பக்கத்துல ஆய்வேடு எழுதினா பைண்டிங் பண்ணி அலமாரியில வெச்சு, வருஷத்துக்கு ஒருக்கா தூசி தட்டுவாங்க. இவன் எழுதின ஆய்வேடு குட்மேய்ஸ்ல என் டீ டம்ளருக்கு முன்னால உருண்டுக்கிட்டுக் கிடக்குது.

ஒவ்வொருத்தரும் வாரம் பூரா செஞ்சதைக் காட்டணும், மத்தவங்க ஃபீட்பேக் கொடுக்கணும். அதுதான் சபை மரபு. ஃபீடுன்னா மாட்டுத்தீவனம்னு எனக்குத் தெரியும். “அப்ப ஃபீட்பேக்னா தின்னதைத் திரும்ப வாய்க்குக் கொண்டாரதாடா?”ன்னு கேட்டேன். பேரன் விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிக்கிற விஷயமில்லை. மாடு மேஞ்சதை வயித்துல இறக்கி, மரத்தடியில படுத்து, திரும்ப எடுத்து நிதானமா அசை போடும். இந்தச் சபையில நான் பார்த்த பாதிப்பேரு புல்லையே மேயலை, நேரா அசை போடறான்.

முதல் ஆளு நெட்டையன். அவனுக்கு நான் வெச்ச பேரு மொய்க்காரன். எதைக் காட்டினாலும் “சூப்பர் ப்ரோ!” கண்ணு கைபேசியில இருக்கும், வாயி மட்டும் சபையில. எங்க ஊருக் கல்யாணத்துல மொய் நோட்டுன்னு ஒண்ணு இருக்கும். நான் உனக்கு 101 எழுதினா, உன் வீட்டுக்காரியம் வர்றப்ப நீ எனக்கு 101 எழுதணும். பந்தியில பாயசம் அடிப்பிடிச்சுதான்னு எவன் பார்த்தான்? இவனும் அதே கணக்கு. இன்னிக்கு உனக்கொரு சூப்பர், நாளைக்கு எனக்கொரு சூப்பர். ஒருநாள் என் பேரன் வேணும்னே ஒண்ணும் வரையாத வெறும் திரையைத் திருப்பிக் காட்டினான். “சூப்பர் ப்ரோ, கலர் செமையா இருக்கு”ன்னுட்டுப் போயிட்டான் நெட்டையன்.

ரெண்டாவது ஆளு கண்ணாடிக்காரப் பொண்ணு. கெட்டிக்காரி. அதுதான் வம்பே. “நானா இருந்தா...”ன்னு ஆரம்பிக்கும், அடுத்த வார்த்தைக்குள்ள மவுஸு அவ கைக்குப் போயிடும். எங்க தெருவுல ஒரு சம்பந்தியம்மா, சாம்பார்ல உப்பு பார்க்கறேன்னு கரண்டியை வாங்கி, புளியைக் கரைச்சு ஊத்தி, பெருங்காயத்தைக் கொட்டி, கடைசியில புதுச் சாம்பாரே வெச்சுட்டுப் போனா. அதே கதை. யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒரு சாதாரண மூணு சில்லு வண்டி செஞ்சு கொண்டாந்தான். பத்து நிமிஷத்துல அந்த வண்டிக்கு முன்னால ராட்டினம், பின்னால ராக்கெட். எல்லாரும் கைதட்டினாங்க. வண்டியோட சொந்தக்காரன் சோபா ஓரத்துல நகம் கடிச்சுக்கிட்டு இருந்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னான்?

மூணாவது ஆளு சட்டம் பேசறவன். இது நிரந்தரமா ஒருத்தன் இல்லை, வாரத்துக்கு ஒருத்தருக்குப் பிடிக்கிற சாமி. ஒரு தடவை பேரனுக்கே பிடிச்சுது. பொடியன் வாய்க்காலும் மதகும் செஞ்சு காட்டினான். இவன் சுருக்குனு, “தண்ணி இப்படி ஓடாது, இது பிசிக்ஸ்படி தப்பு”ன்னான். பொய்யில்லை. ஆல்கோடூ தண்ணி பொடிப்பொடி உருண்டையா, கடுகைக் கொட்டினாப்புல ஓடற தண்ணிதான். ஆனா பொடியன் கேட்டது தண்ணியைப் பத்தி இல்லையே. மதகு சரியாத் திறக்குதான்னு கேட்டான். டெல்டாக்காரன் சொல்றேன், தண்ணி வர்ற அன்னிக்கு மதகைத் திறக்காம, வந்தது அசல் காவேரித்தண்ணியான்னு ஆராய்ச்சி பண்றவன் வயல்ல நெல்லு விளையாது.

இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. அந்த ஆல்கோடூ, ஓடுறப்ப நொடிக்கு 60 தடவை உள்ளே கிடக்கிற ஒவ்வொரு கட்டையையும் கூப்பிட்டு விசாரிக்குதாம். 'நீ இப்ப எங்கே இருக்கே? எவ்வளவு வேகம்? யாரு மேல மோதறே? உன்னை யாரு பிடிச்சு இழுக்கறா?' எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க விடுது. வெறும் யந்திரம். அது நொடிக்கு 60 தடவை விசாரிக்குது. நம்ம ஆளு ஒரு தடவைகூட விசாரிக்காம தீர்ப்பு எழுதிட்டு எழுந்து போயிடறான்.

நல்லது நடக்கறதே இல்லைன்னு சொல்ல வரலை. பொடியன் ஒருநாள் பீரங்கி செஞ்சான். குண்டு பறந்துபோய் எதிர்ல இருந்த சுவத்தை இடிக்கணும். குண்டோ சுவத்துல பட்டாப்புலயே தெரியலை. சித்தர் மாதிரி ஊடுருவி அந்தப் பக்கம் போய் விழுந்துது. மொய்க்காரன், “சூப்பர் ப்ரோ.” கண்ணாடிக்காரி மவுஸுக்குக் கையை நீட்டினா. என் பேரனுக்கு அன்னிக்கு நல்ல புத்தி. ரெண்டு தடவை ஓட்டச்சொல்லிப் பார்த்தான். மெதுவா ஓட்டச்சொல்லி இன்னொரு தடவை பார்த்தான். அப்புறம் சொன்னான்: “குண்டு ரொம்ப வேகம், சுவர் ரொம்ப ஒல்லி. ஒரு விசாரணைக்கும் அடுத்த விசாரணைக்கும் நடுவுல குண்டு சுவத்தையே தாண்டிடுது. அதனால மோதினது அதுக்குத் தெரியலை. சுவரைத் தடிப்பாக்கிப் பாரு. இல்லேன்னா நொடிக்கு 60-ங்கறதை ஏத்திப் பாரு.” சொல்லிட்டுக் கையைக் கட்டிக்கிட்டான். பொடியன் தானே சுவரைத் தடிப்பாக்கினான். குண்டு மோதி, செங்கல் சிதறி, வாண்டு எழுந்து குதிச்சுது. அதுதான்டா தீவனம்னு நான் மூலையிலேருந்து முனகினேன். யார் காதுலயும் விழலை.

இம்புட்டு நியாயம் பேசறானே, இந்தக் கிழவன் பெரிய யோக்கியனோன்னு நீங்க நினைக்கலாம். அதையும் சொல்லிடறேன், சபையில மறைக்கக்கூடாது.

போன வருஷம் லீவுக்குத் திருவாரூர் போயிட்டு வந்தப்ப, பேரன் ஆழித்தேரைப் பார்த்துட்டு வந்தான். வந்த கையோட அதை ஆல்கோடூல செஞ்சான். ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரியா. அடுக்கு அடுக்கா மேலே போற கூடாரம், முன்னால பாயற குதிரை, உச்சியில கலசம். ஆல்கோடூல எந்தக் கட்டைக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கலாம்: மரம், கல், ரப்பர், எஃகு, பனிக்கட்டி, தங்கம்னு. சாமி தேராச்சேன்னு பய முழுத்தேருக்கும் தங்கத்தைப் போட்டுட்டான். சக்கரத்துக்கு மட்டும் மரம். சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு, பொத்தானை அமுக்கினான். தங்கத்தோட பாரம் தாங்காம அச்சு ஆணி இழுபட்டு, சக்கரம் நடுங்கி, தேரு மண்ணுக்குள்ள முழங்கால் வரைக்கும் இறங்கி, குலைநடுக்கம் வந்தாப்புல ஆடி, பொசுக்குனு வானத்துல தெறிச்சுது. குதிரை ஒரு பக்கம், கலசம் ஒரு பக்கம்.

நெட்டையன் சிரிச்சான். அவன் சிரிச்சதைப் பார்த்துக் கண்ணாடிக்காரி சிரிச்சா. பொடியன் சிரிச்சான். ஏன் சிரிக்கறோம்னு தெரியாமலே வாண்டு சிரிச்சுது. கடைசியா நானும், வாயில இருந்த வெத்தலையை ஒதுக்கிக்கிட்டு, “இது தேராடா? எங்க ஊரு சப்பரம் தேவலை!”ன்னேன். சபை அதிர்ந்துது. எனக்கும் பெருமையாத்தான் இருந்துது, கிழவனுக்கு இன்னும் நாக்கு இருக்குன்னு. பேரன் மட்டும் லேப்டாப்பை மெல்ல மூடினான். அடுத்த சனிக்கிழமை அவன் ஒண்ணும் காட்டலை. அதுக்கு அடுத்ததும்.

சமாதானத்துக்கு வழி தேடினேன். “எங்காச்சும் கூட்டிட்டுப் போடா”ன்னேன். ஞாயித்துக்கிழமை குட்மேய்ஸ் ஸ்டேஷன்ல எலிசபெத் ரயில் ஏறி, ஃபாரிங்டன்ல இறங்கி, செயின்ட் பால் கோயில் தாண்டி நடத்திக் கூட்டிட்டுப் போனான். தேம்ஸ் ஆத்து மேல ஒரு நடைபாலம், வண்டி கிடையாது, ஆளு மட்டும். மில்லேனியம் பாலம். நடுவுல நிறுத்தி, “தாத்தா, இந்தப் பாலத்தோட கதை தெரியுமா?”ன்னான்.

2000-ம் வருஷம் ஜூன் 10-ம் தேதி திறந்தாங்களாம். புதுப்பாலம், கூட்டம் திமுதிமுன்னு ஏறிச்சு. ஏறினதும் பாலம் இடமும் வலமும் ஆட ஆரம்பிச்சுது. ரெண்டே நாள்ல மூடிட்டாங்க. யாரும் வேணும்னு ஆட்டலை, அதுதான் விசேஷம். மனுஷன் நடக்கறப்ப ஒவ்வொரு அடிக்கும் உடம்பு துளி இடது, துளி வலதுன்னு சாயும். அதுல பாலம் ஒரு மயிரிழை அசைஞ்சுது. அசையற பலகை மேல விழாம நடக்கணும்னு ஒவ்வொருத்தனும் அதோட ஆட்டத்துக்குத் தக்கன தன் காலை மாத்தி வெச்சான். கால் ஒத்துப்போகப் போக ஆட்டம் பெருகுச்சு. ஆட்டம் பெருகப் பெருக இன்னும் நாலு கால் ஒத்துப்போச்சு. ஒருத்தன் காலுக்குப் பலமே இல்லை. எல்லாக் காலும் ஒரே பக்கம் சாஞ்சா இரும்புப் பாலமும் ஊஞ்சல்தான்.

அப்புறம் என்ன பண்ணினாங்கன்னு கேட்டேன். கட்டின பொறியாளர்கள், ஆரப் கம்பெனிக்காரங்க, 'உங்களுக்கு நடக்கத் தெரியலை'ன்னு ஜனங்க மேல பழியைப் போடலை. ஆளுகளைப் பாலத்து மேல நடக்கவிட்டு அளந்து பார்த்தாங்க. கண்டுபிடிச்சதை ஒளிச்சு வைக்காம, மத்த பாலக்காரனும் படிச்சுக்கட்டும்னு எழுதி வெளியிட்டாங்க. பாலத்துக்கு அடியில 37 தணிப்பான் வெச்சாங்க. ஆஸ்பத்திரிக் கதவு படார்னு சாத்தாம இருக்க மேலே ஒரு குழாய் வெச்சிருப்பானே, உள்ளே பிசுக்குனு ஒரு திரவத்தோட, அதோட பெரியண்ணன்னு வெச்சுக்கங்க. போதாக்குறைக்கு ஸ்பிரிங்ல நிக்கிற எடைகளும். ஆட்டம் வந்தா அதைத் தின்னு செரிக்கிறதுதான் அதுகளோட வேலை. 2002 பிப்ரவரியில திரும்பத் திறந்தாங்க. இப்ப கிணத்தடிக் கல்லு மாதிரி நிக்குது. ஆனாலும் லண்டன்காரன் அதுக்கு வெச்ச 'ஆட்டப் பாலம்'ங்கற பட்டப்பேரை இன்னும் விடலை. கிண்டல் பேருக்கு ஆயுசு கெட்டி.

இவ்வளவும் சொல்லிட்டு பேரன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். “அன்னிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல சிரிச்சீங்க, தாத்தா.”

தேம்ஸ்ல தண்ணி கலங்கலா ஓடிக்கிட்டு இருந்துது. நான் அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

திரும்பி வர்ற ரயில்ல அவனுக்கு எங்க சித்தப்பா கதையைச் சொன்னேன். 1970-ல, பல வருஷம் ஓடாம நின்னுபோயிருந்த ஆழித்தேர் மறுபடி ஓடிச்சு. அப்ப முதலமைச்சர் கலைஞர், எங்க பக்கத்து ஆளு. நான் அப்ப இளவட்டம். அலங்காரம் எல்லாம் சேர்த்தா 96 அடி உசரம், சுமார் 300 டன் எடைன்னு சொல்ற தேரு அது. “ஆரூரா, தியாகேசா!”ன்னு சத்தம் போட்டுக்கிட்டு ஆயிரக்கணக்குல ஜனங்க வடம் பிடிப்பாங்க. வடம் பிடிக்கிறவனுக்கு முன்னால இருக்கறவன் முதுகுதான் தெரியும். மேலே இருக்கற குருக்களுக்கு ஆகாசம் தெரியும். மேளக்காரனுக்கு மேளம். சக்கரத்தைப் பார்த்துக்கிட்டு நடக்கறவன் ஒரே ஒருத்தன்தான், முட்டுக்கட்டை போடறவன். எங்க சித்தப்பா அந்த ஆளு.

இந்தக் காலத்துல ஒருத்தனை முட்டுக்கட்டைன்னா வசவு. காரியத்தைக் கெடுக்கறவன்னு அர்த்தம். தேர் ஓடாத ஊர்க்காரன் கண்டுபிடிச்ச அர்த்தம் அது. தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது தம்பிகளா. வலது சக்கரத்துக்கு முன்னால கட்டை விழுந்தா அந்தச் சக்கரம் தயங்கும், இடதுசக்கரம் முந்தும், 300 டன்னும் வலப்பக்கமா முகத்தைத் திருப்பும். நாலு வீதியும் சுத்தி வந்து நிலைக்குச் சேர்றது அந்தப் புளியங்கட்டையாலதான். பின்னால திருச்சி பெல் கம்பெனிக்காரங்க இரும்புச் சக்கரம், அச்சு, ஹைட்ராலிக் பிரேக்னு எல்லாம் பண்ணிக் கொடுத்தாங்க. அப்பவும் கட்டை போடற ஆளுக்கு வேலை போகலை.

சித்தப்பா வேலை செய்யறதைப் பக்கத்துலேருந்து பார்த்திருக்கேன். பேசமாட்டார். சக்கரத்தையும் தரையையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டே நடப்பார். எந்தச் சக்கரம், எந்த நேரம், எவ்வளவு ஆழம், அவ்வளவுதான் அவருக்குக் கணக்கு. கட்டையைச் சொருகுவார், கையை உருவிக்குவார். கட்டை அழுந்திப் புகையும். தேர் முனகிக்கிட்டே திரும்பும். கையை அங்கேயே வெச்சுக்கிட்டிருந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம். அவருக்கு இடது கால் பெருவிரல்ல நகம் கிடையாது. அதே நேரம் மொட்டைமாடியில நின்னுக்கிட்டு இருபது பேரு, “வலது! வலது!”ன்னு கத்துவான். அவனுக்கு வலதா, தேருக்கு வலதா? அவனுக்கே தெரியாது. தேர் நல்லபடியாத் திரும்பினா, நான் சொன்னதாலதான்னு வீட்டுல போய் இட்லி கேப்பான்.

கதை முடியறதுக்கும் குட்மேய்ஸ் வர்றதுக்கும் சரியா இருந்துது. படியேறிக்கிட்டே, அன்னிக்கே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: “ஏன்டா தம்பி, அந்தத் தேரு என்ன செய்யணும்னு நினைச்சுச் செஞ்சே?”

“நிலைக்கு வந்து நிக்கணும், தாத்தா”ன்னான். “ஓடறது எனக்கு முக்கியமில்லை. அங்கே கடைசியில தேர் வந்து நின்னதும் எல்லாரும் ஒரு நிமிஷம் சத்தமே இல்லாம நின்னாங்களே, அது வரணும்.”

பாருங்க. நாங்க அஞ்சு பேரும் ஓட்டத்தைப் பார்த்துச் சிரிச்சோம். பய நிக்கறதை நினைச்சுச் செஞ்சிருக்கான். அதை ஒருத்தனும் விசாரிக்கலை.

அடுத்த சனிக்கிழமை சபையில நானே பேச்சை எடுத்தேன். “இவன் தேரு ஓடறதுக்கில்லை, நிக்கறதுக்கு. நிக்க வைக்க வழி சொல்லுங்க.” அவ்வளவுதான் சொன்னேன். முதல்ல யாரும் வாயைத் திறக்கலை. பொடியன்தான் யோசிச்சு யோசிச்சுக் கேட்டான்: “தாத்தா, மேல்பக்கத்துப் பாரத்தைக் குறைச்சு, சில்லைப் பாரமாக்கினா சரிவருமோ?” கண்ணாடிக்காரி கையை மடியில வெச்சுக்கிட்டு, மவுஸைத் தொடாம, “கலசம் மட்டும் தங்கமா இருக்கட்டும், மத்ததுக்கு மரம் போடு”ன்னா. அவளுக்கு அது எவ்வளவு பெரிய தவம்னு எனக்குத் தெரியும். நெட்டையன் கைபேசியைக் கவுத்து வெச்சுட்டு, “இறக்கத்துல நிக்காது ப்ரோ, கீழே ஒரு ஆப்பு வேணும்”ன்னான். மொய் நோட்டை மூடிட்டு அவன் பேசின முதல் வாக்கியம்.

அந்தப் பொட்டிக்குள்ள முன்னே பின்னே, மேலே கீழே மட்டும்தான் உண்டு, பக்கவாட்டே கிடையாது. திருவாரூர்ல நாலு வீதி, ஆல்கோடூல ஒரே வீதி. அதனால கட்டையை வெச்சுத் தேரைத் திருப்ப முடியாது, நிறுத்தத்தான் முடியும். எஃகுச் சக்கரம், மரக் கூடாரம், கடைசியில சின்னதா ஒரு ஆப்பு. தேரு குலுங்கிக் குலுங்கி வந்து, ஆப்புல ஏறப்பார்த்து, மனசு மாறி, பின்வாங்கி நின்னுது. கலசம் ரெண்டு தடவை ஆடி அடங்கிச்சு. ஒரு நிமிஷம் யாரும் பேசலை. பேரன் கேட்டது அதுதானே.

அதனால புத்திமதின்னு நான் சொல்றது கொஞ்சந்தான். அடுத்தவன் செஞ்சதைப் பார்த்தா முதல்ல ஓட்டிப்பாரு, ஓட்டாம வாயைத் திறக்காதே. என்ன நினைச்சுச் செஞ்சேன்னு கேளு. நாலு சக்கரத்தையும் ஒரே நேரத்துல பிடிக்காதே. எது தடம் மாறுதோ அதுக்கு மட்டும் ஒரு கட்டையைப் போடு, போட்டதும் கையை எடுத்துடு. எல்லாரும் ஒரே பக்கம் ஆடறப்ப நீயும் சேர்ந்து ஆடாதே. கூட்டத்துல ஒருத்தனாவது அந்த ஆட்டத்தைத் தின்னு செரிக்கணும். கேட்டா எனக்குச் சந்தோஷம். கேக்கலைன்னா எனக்கு இன்னும் சந்தோஷம், மூலையில உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கும்.

இதோட எழுந்திருச்சிருந்தா எனக்கு மரியாதை. விதி யாரை விட்டுச்சு? “தாத்தா, நீங்களும் ஒண்ணு செய்யுங்க”ன்னு பசங்க பிடிச்சுக்கிட்டாங்க.

எனக்குத் தெரிஞ்சது ஏற்றம். கிணத்து மேட்டுல ரெண்டு கால் நட்டு, குறுக்கே துலாக்கட்டை, ஒரு முனையில சால், மறு முனையில கல்லு. பேரன் மவுஸு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். அம்மியில அரைக்கறாப்புல அதை அரைச்சு அரைச்சு, நாலு நாள்ல முடிச்சேன். முதல்ல சாலுக்கு மரம்னு போட்டுட்டேன், அது தண்ணியில முங்காம வாத்து மாதிரி மிதந்துது. எஃகுன்னு மாத்தினேன், முங்குச்சு. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அம்பது வருஷத்துக்கு முந்தி மண்ணைப் போட்டு மூடின கிணறு, குட்மேய்ஸ்ல திரும்ப ஊறுது.

சனிக்கிழமை சபை கூடிச்சு. நான் சாலைப் பிடிச்சுக் கீழே இழுத்து, முக்கி, ரொப்பி, விட்டேன். மறு முனையில இருந்த கல்லு படீர்னு இறங்குச்சு. சால் கவண்கல்லு மாதிரி ஆகாசத்துக்குப் போச்சு. கிணத்துத்தண்ணி பூரா மழையாக் கொட்டுச்சு. வாய்க்காலுக்கு மட்டும் ஒரு சொட்டு வரலை.

யாரும் சிரிக்கலை. உதட்டைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அதுக்கு அவங்க சிரிச்சிருக்கலாம். நெட்டையன் பழக்கதோஷத்துல “சூப்ப...”ன்னு ஆரம்பிச்சுப் பாதியில முழுங்கினான். பேரன்தான், முகத்தை ரொம்ப மரியாதையா வெச்சுக்கிட்டு, “தாத்தா, இது என்ன செய்யணும்னு நினைச்சுச் செஞ்சீங்க?”ன்னான். நான் பண்ணிக்கொடுத்த கத்தியாலேயே குத்தறான் பய. வாண்டு மட்டும் எழுந்து வந்து, திரைகிட்ட மூக்கை வெச்சுப் பார்த்துட்டு, “அந்தக் கல்லைக் கொஞ்சம் சின்னதாக்கிப் பாருங்க தாத்தா”ன்னுச்சு.

“எங்க ஊர்ல கல்லு அப்படித்தான் இருக்கும்”னேன். “ஏற்றம் பார்த்திருக்கியா நீ? உங்க அப்பன் பார்த்திருக்கானா? இந்தப் பொட்டியிலதான் பூமி சரியா இழுக்கலை”ன்னேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன். அது என் வாய்க்கு ஞாபகம் வரலை.

ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் எழுந்தேன். விளக்கைப் போடலை. கல்லைப் பாதியாக்கினேன். கொஞ்சம் யோசிச்சு, அதுலயும் கொஞ்சம் குறைச்சேன்.

அடுத்த சனிக்கிழமை சால் சொன்னபேச்சு கேட்டு மேலே வந்து, சாஞ்சு, வாய்க்கால்ல ஊத்துச்சு. எல்லாரும் கைதட்டினாங்க. வாண்டு கல்லைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு. “கல்லைச் சின்னதாக்கிட்டீங்களா, தாத்தா?”

“அது எப்பவும் அந்த அளவுதான். அக்காகிட்ட கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டுப் பாரு”ன்னேன்.

வாண்டு பதில் பேசலை. வாய்க்கால்ல தண்ணி கடைசி வரைக்கும் போகுதான்னு மட்டும் குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்துது.